இரவல் பிரஷர்

விழாவைக் குழப்பியவள் நான்தானாம். மேலிடத்தில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று உம்மா சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் கோபத்துக்கு உருப்படியான ஒரு வேலை கிடைத்தது அன்றைக்குத்தான்.

என் பெயர் அம்ரா. யட்டியாந்தோட்டை பஸாரில் துணிக்கடை வைத்திருக்கும் மஷூரின் தங்கச்சி என்றால் ஊரில் தெரியும். நான் டொக்டர் இல்லை. கொம்பியூட்டர் படித்துவிட்டு மருத்துவத் தகவல் ஆராய்ச்சிக்குப் போனவள். நோயாளிகளின் விவரங்களைப் பார்த்து, இவருக்கு இந்த மருந்தைக் கூட்டலாம், இதைக் குறைக்கலாம் என்று டொக்டருக்கு யோசனை சொல்லும் கொம்பியூட்டர்கள் இருக்கின்றன அல்லவா, அவை சரியாகத்தான் சொல்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வந்த அப்படியொன்றுக்குத் 'துணைவன்' என்று பெயர் வைத்தார்கள். பிரஷர் கிளினிக்குக்கு வருகிறவர் தன் அட்டையை மெசினில் காட்டிவிட்டுக் கையை நீட்டவேண்டும். பட்டி கையை இறுக்கி அளக்கும். அளந்தது நேரே கொம்பியூட்டருக்குப் போகும். மஞ்சள் வந்தால் பழைய மருந்தே. சிவப்பு வந்தால் டொக்டரைப் பார்க்கவேண்டும், கூடினால் வார்டு. பச்சை வந்தால் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். டொக்டரைப் பார்க்கவே தேவையில்லை, நேரே மருந்து ஜன்னலுக்குப் போகலாம். பச்சை தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் துணைவனே மருந்துக் குளிசையைக் குறைத்துவிடுவான். மருந்துத் தட்டுப்பாடு வந்தபிறகு பெரியவர்கள் கூடிப் பேசிச் சேர்த்த விதி அது.

எங்கள் பிரிவின் தலைவர் டொக்டர் கஜேந்திரன். அவர் ஒரு நாள் சிரித்த முகத்தோடு என் மேசைக்கு வந்து, ஒரு தோட்டத்தைச் சொல்லி, மாகாணத்திலேயே பிரஷரை நன்றாகக் கட்டுப்படுத்திய தோட்டம் அதுதான் என்றார். துணைவன் வந்த பிறகு அங்கே எல்லோருக்கும் பச்சைதான். விழா வைக்கப் போகிறோம், கொழும்பிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றார். தோட்டத்தின் பெயர் வேண்டாம். யட்டியாந்தோட்டையிலிருந்து கித்துல்கல ரோட்டில் போய், திரும்பி மேலே ஏறவேண்டும். அவ்வளவு போதும்.

எனக்கு அப்போதே பொறுக்கவில்லை. விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள், ரொட்டியையும் உப்பும் மிளகாயும் இடித்த கட்டச் சம்பலையும் தின்றுவிட்டு மலையேறுகிறவர்கள். அவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் பிரஷர் சொல்லிவைத்ததுபோல் எப்படி இறங்கும்? விவரங்களைத் திறந்து பார்த்தேன். பால் வெட்டும் கிருஷ்ணகுமாரி, வயதான ஏழுமலை, பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் ஜெயம்மா என்று ஆள் ஆளாக வேறு வேறு பெயர். பிரஷர் மட்டும் ஒன்றுபோல. நாடித்துடிப்பும் ஒன்றுபோல. ஒரு லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொந்தக்காரர்களாக இருக்கலாம். எல்லோருக்கும் ஒரே நாடி துடிக்குமா?

"நல்லா இருக்கிற விவரத்த ஏன் நோண்டுறீங்க அம்ரா? கெட்டுப்போனாத்தானே பார்க்கணும்," என்றார் கஜேந்திரன்.

விழாவுக்கு முதல் நாள் அந்தத் தோட்டத்துக்குக் கிளினிக் நாள். ஆஸ்பத்திரிக்குப் போய், நோயாளிகள் காத்திருக்கும் நீள வாங்கில் உட்கார்ந்தேன்.

மெசினுக்கு முன்னால் நீள வரிசை. தலையில் துண்டு கட்டிய, பல்லில்லாத, ஆனால் தேக்குக் கட்டைபோல் நிமிர்ந்த ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். அட்டையைக் காட்டினார், கையை நீட்டினார், பச்சை வந்தது. எழுந்து போனார். போனவர் மருந்து ஜன்னலுக்குப் போகவில்லை. சுற்றி வந்து வரிசையின் வாலில் நின்றுகொண்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்து உட்கார்ந்தார். வேறு அட்டை. அதே கை. பச்சை. மறுபடி எழுந்தார், மறுபடி வாலில் நின்றார். மெசினை ஓட்டும் பெண்ணுக்குத் தலையைத் தூக்க நேரமில்லை. அவள் பாவம், திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அட்டைகளை எண்ணத் தொடங்கினேன்.

கடைசி அட்டையும் முடிந்து, பை நிறைய மருந்தோடு அவர் வாங்கில் வந்து உட்கார்ந்தபோது நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பெயர் தங்கம்மா. தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"அம்மா, அந்த அட்டையெல்லாம் யாரோடது?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க ஆஸ்பத்திரி மிஸ்ஸா?"

"இல்லம்மா. அந்த மெசின் சரியா வேல செய்யுதான்னு பார்க்க வந்தேன்."

"மெசினு நல்லா வேல செய்யுது மிஸ். கை குடுத்தா மருந்து தருது," என்றார். மறைக்கவேண்டிய விஷயமாக அவருக்கு அது தோன்றவே இல்லை. "எங்க லயத்து ஆளுங்களோடது. அதுங்களுக்கு வேலைக்குப் போகணும். கிளினிக்குனு வந்தா அன்னைக்குப் பேரு இல்லல்ல?"

பேர் என்றால் என்னவென்று தோட்டத்துப் பக்கம் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து, சொன்ன வேலையை முடித்தால் அன்றைக்கு ஒரு பேர் விழும். வேலை குறைந்தால் அரைப் பேர். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை. கிளினிக் எப்போதும் வேலை நாளில்தான். ஆகவே லயத்தில் வேலைக்குப் போகாத ஒருவர் எல்லோருடைய கிளினிக் கொப்பிகளையும் எடுத்துக்கொண்டு வந்து மருந்து வாங்கிப் போவது என் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். மருந்து ஜன்னலில் இருப்பவர்களுக்கும் தெரியும், ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆள் வராவிட்டாலும் மருந்து குறையாது.

பிறகுதான் துணைவன் வந்தான். அவனுக்குக் கை வேண்டும்.

"மொதல்ல ஏழுமல அண்ணந்தான் வந்தாரு," என்றார் தங்கம்மா. "அவருக்கே பிரஷரு கூட. அவரு கைய வச்சதும் எல்லா அட்டைக்கும் செவப்பு விழுந்திருச்சு. மொத்த லயத்தையும் வார்டுல படுக்கச் சொல்லிட்டாங்க மிஸ். வார்டுல படுத்தா எத்தன பேரு போகும்? அப்பறந்தான் எல்லாரும் சேந்து பேசி, நல்ல கை யாருக்கு இருக்குன்னு பாத்தோம். எனக்குப் பல்லுதான் போச்சு, வேற ஒரு சீக்கும் கெடையாது. என் கையப் போட்டா எப்பவும் பச்சதான்."

சொல்லும்போது முகத்தில் அப்படியொரு பெருமை. லயமே சேர்ந்து, ஆளைத் தேடிப் பிடித்து, இருப்பதிலேயே நல்ல பிரஷரை இரவல் கொடுத்து அனுப்பியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்குச் சீனி கொடுப்பதுபோல.

"மருந்து கொறைஞ்சிச்சா அம்மா?"

"ஆமா மிஸ், எல்லாருக்கும் கொறைஞ்சிருச்சு. நம்ம கிருஷ்ணகுமாரிக்கு ரெண்டு ஒண்ணாச்சு, இப்ப அரையாச்சு. சொகமாகுதுன்னு அது மாரியம்மனுக்குச் சூடங்கூட கொளுத்துச்சு."

அந்த அம்மாவின் நல்ல கையைப் பார்த்து, இன்னொருத்தியின் குளிசையை வெட்டிக்கொண்டிருக்கிறது ஒரு மெசின். அதைத்தான் வெற்றி என்று மாலை போடப் போகிறார்கள். எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் அது சுடத்தான் செய்யும், ஆனாலும் அவரிடம் சொன்னேன். தங்கம்மா மடியிலிருந்த மருந்துப் பையைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"நான் நல்லதுன்னுதானே மிஸ் கை குடுத்தேன்," என்றார் கடைசியில்.

அவரோடு அதே பஸ்ஸில் ஏறினேன். லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது கிருஷ்ணகுமாரி வேலை முடிந்து வந்து, தண்ணீர் கொட்டும் பீலியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். பேசும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஒரு கண்ணால்தான் என்னைப் பார்த்தாள்.

"தல வலி இருக்கா?" என்றேன்.

"விடிஞ்சா மண்ட இடிக்குது மிஸ். பனியில பால் வெட்டப் போறோம்ல, அதான்."

"கண்?"

"இந்தக் கண்ணு புகை புடிச்ச மாதிரி இருக்கு. கத்தி எவ்வளவு ஆழத்துல போகுதுன்னு தெரிய மாட்டேங்குது. மரத்துல காயம் படுதுன்னு கங்காணி ஏசுறாரு."

நான் டொக்டர் இல்லைதான். ஆனால் பிரஷர் கூடினால் கண்ணுக்கு என்ன ஆகும் என்பதை ஆயிரக்கணக்கான நோயாளிகளின் விவரங்களில் பார்த்தவள். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். பழைய அளவுக்கு மருந்து வேண்டும், இப்படியே விட்டால் ஒரு பக்கம் கை கால் விழுந்துவிடும், உயிரே போகும் என்று ஒளிக்காமல் சொன்னேன். அவள் பயந்தாள். பயந்துகொண்டே வீட்டுக்குள் இருந்த பிள்ளைகளைப் பார்த்தாள், மேகத்தைப் பார்த்தாள்.

"இப்ப பஸ்ஸு இல்லயே மிஸ். நாளைக்கு அங்கதானே வர்றோம். விழாவுக்கு எல்லாரையும் லொறியில கூட்டிட்டுப் போறாங்க. பேரும் உண்டுன்னு தொர சொல்லிட்டாரு."

"விழாவுக்குப் பேர் தாறாங்களா?"

"தர்றாங்களாம். ஃபோட்டோ புடிக்கிறாங்கல்ல."

அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்கமுடியாது. இத்தனை வருஷமாகக் கிளினிக்குக்கு அரை நாள் கொடுக்கக் கை வராதவர்களுக்கு, படம் பிடிக்க ஒரு முழு நாள் கொடுக்க வருகிறது. லொறியும் வருகிறது.

"அப்ப நாளைக்கு எல்லாருக்கும் முன்னால உங்கட கைய அளக்கவா? சொந்தக் கைய? வேணாம்னா மேடையில வேணாம், தனிய அளக்கலாம்."

அவள் யோசித்தாள். "பேரு விழற நாளு மிஸ். எங்க வேணா கை நீட்டுறேன்," என்றாள்.

அங்கிருந்தே கஜேந்திரனுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். விழாவைத் தள்ளிவைக்கச் சொன்னேன்; அந்தத் தோட்டத்தில் குளிசை குறைக்கும் விதியையாவது இப்போதே நிறுத்தச் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஆக, ஏமாத்தியிருக்காங்க," என்றார்.

"யார் சேர் ஏமாத்தினது?"

"நானும் லயத்துல பொறந்தவன்தான் அம்ரா. எங்க ஆளுங்கள எனக்குத் தெரியும். சும்மா கெடைச்சா அரும தெரியாது. நாளைக்கு விழா முடியட்டும். அப்பறம் ஆள் வராட்டி மருந்து இல்லன்னு ஒரே போடா போட்டுறலாம்."

"அப்ப ஒருத்தரும் வரமாட்டாங்க சேர். அந்த அரைக் குளிசையும் இல்லாமப் போகும். ஒரு நாள் கிளினிக்க அங்க கொண்டு போங்க. இல்லாட்டி கிளினிக் நாளைக்குப் பேர் போடச் சொல்லி தோட்டத்த கேளுங்க."

"அது நம்ம வேல இல்ல. நம்ம வேல மெசின்."

போனை வைத்துவிட்டார். லயத்தில் பிறந்தவராம். பிறந்தவருக்குப் பேர் என்றால் என்னவென்று தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே பேசினார் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி மண்டபத்தில் வாழைமரம் கட்டி, குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். முன் வரிசையில் கொழும்பு ஆட்கள். அவர்களுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கால்சட்டையோடு, தோட்டத்தை நடத்தும் துரை. பின்னால் நல்ல சேலை உடுத்திய பெண்கள், சட்டை போட்ட ஆண்கள். லயம் மொத்தமும் வந்திருந்தது. கிருஷ்ணகுமாரியை வந்தவுடனே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தேன்; டொக்டர்கள் எல்லோரும் மண்டபத்தில்தான் இருந்தார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று நானும் மண்டபத்துக்கே கூட்டிவந்து, மெசினுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். மெசினை ஓட்டிக் காட்டும் பொறுப்பு என்னுடையது.

கஜேந்திரன் நன்றாகத்தான் பேசினார். கடைக்கோடித் தொழிலாளிக்கும் நவீன மருத்துவம் என்றார். கைதட்டினார்கள். பிறகு, தோட்டத்து அம்மா ஒருவர் இப்போது அளந்து காட்டுவார் என்று சொல்லி, தங்கம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். முதல் நாளே எல்லாம் தெரிந்த பிறகும் அந்தக் கையைத்தான் கூப்பிட்டார் மனுஷன்.

தங்கம்மா அசையவில்லை. "எனக்குப் பிரஷர் வருத்தமே இல்லீங்களே சார்," என்றார், மண்டபத்துக்கே கேட்கும்படி. "நான் எதுக்கு?"

கிருஷ்ணகுமாரி தன் அட்டையை எடுத்து மெசினில் காட்டினாள். பெரிய திரையில் அவள் பெயரும், அடுத்தடுத்து விழுந்திருந்த பச்சைகளும் வந்தன. முன் வரிசை திருப்தியோடு பார்த்தது. அவள் கையை நீட்டினாள். பட்டியை நான் கட்டினேன். அது இறுக்கியது, விட்டது. ஒரு முறை போதவில்லை என்று மெசினே மறுபடி இறுக்கியது. திரை முழுக்கச் சிவப்பு. மேல் அளவு இருநூறைத் தாண்டி நின்றது. கீழே துணைவன் எழுதியிருந்ததை நான் ஒலிவாங்கியில் வாசித்தேன், தமிழிலும் சிங்களத்திலும்: உயிராபத்து, உடனே வார்டில் சேர்க்கவும்.

கஜேந்திரன் என் காதருகே வந்தார். "மெசின் பிழை. நிப்பாட்டுங்க."

"இதே மெசின்தான் சேர், நீங்க பரிசு வாங்கப்போற மெசின்," என்றேன். ஒலிவாங்கி இன்னும் என் கையில்தான் இருந்தது.

பின்னாலிருந்து தங்கம்மாவின் குரல் வந்தது. "என்னடி பாத்துக்கிட்டு இருக்கீங்க? போயி உங்க உங்க கையக் குடுங்க. என் கை இனிமே வராது."

ஜெயம்மா எழுந்தாள். சிவப்பு. ஏழுமலை எழுந்தார், கேட்கவே வேண்டாம். ஒருவர் பின் ஒருவராக வந்து கை நீட்ட, முன்மாதிரித் தோட்டம் திரையில் சிவந்துகொண்டே போனது. கொழும்பிலிருந்து வந்த டொக்டர் ஒருவர் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் கிருஷ்ணகுமாரியின் கண்ணை வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு ட்ரொலி கொண்டுவரச் சொன்னார்.

ட்ரொலி வந்தது. கிருஷ்ணகுமாரி ஏறவில்லை. அவள் முன் வரிசைக்கு நேரே போய்த் துரைக்கு முன்னால் நின்றாள்.

"தொரைகளே, இன்னைக்குப் பேரு உண்டுன்னு சொன்னீங்க. இப்ப வார்டுல போடுறாங்க. அந்தப் பேர வெட்டிருவீங்களா?"

துரை கஜேந்திரனைப் பார்த்தார். கஜேந்திரன் திரையைப் பார்த்தார். துரைக்குத் தமிழ் விளங்கவில்லையோ என்று அவள் அதையே சிங்களத்திலும் கேட்டாள். கமெராக்காரர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். துரை எழுந்து, என்னிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கி, அதெப்படி வெட்டுவோம், தொழிலாளியின் சுகம்தான் தோட்டத்தின் சுகம் என்றார். மண்டபம் கைதட்டியது. அதன் பிறகுதான் அவள் ட்ரொலியில் ஏறினாள்.

உயிர் தப்பிவிட்டாள். அந்த ஒரு கண்ணின் பார்வை முழுதாகத் திரும்பவில்லை. குளிசை குறைக்கும் விதியைக் கொழும்பில் நிறுத்திவிட்டார்கள். ஆள் வராவிட்டால் மருந்து இல்லை என்ற விதியைக் கஜேந்திரன் இங்கே போட்டுவிட்டார். என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். விழாவை ஏன் குழப்பினாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

போன கிழமை தங்கம்மா என் நானா மஷூரின் கடைக்கு வந்திருந்தார். அட்டைப் பை கையில் இல்லை. கிருஷ்ணகுமாரி எப்படி என்று கேட்டேன். வேலைக்குப் போகிறாள், பால் வெட்ட விடுவதில்லை, புல்லு வெட்டத்தான் அனுப்புகிறார்கள் என்றார்.

"சம்பளத் துண்டு வந்துச்சு மிஸ்," என்றார் பிறகு. "விழாவுக்குப் போன எல்லாருக்கும் முழுப் பேரு. அவளுக்கு அரைப் பேரு. மத்தியானத்துக்குப் பொறகு அவ விழாவுல இல்லயாம்."